பின்பக்கம் திறந்த பெட்டிகள்

என் அக்கா கன்னியம்மாள் செங்கம் ரோட்டில் வீடு வாங்கியதை எங்கள் சொந்தக்காரர்கள் முன்னேற்றம் என்று சொல்கிறார்கள். கீழ்பென்னாத்தூர் பக்கம் கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் இன்றைக்கு ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் மாடி வீட்டுக்காரி, எல்லாம் உழைப்பு, தெய்வ கடாட்சம் என்று கல்யாண வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். நான் அவளுடைய தம்பி சக்திவேல். வேங்கிக்காலில் கிரில் கேட் செய்யும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியும், அவள் அந்த வீட்டை வாங்கியது வஞ்சம் தீர்க்க. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவளுக்கு நடந்தது உங்கள் அக்காவுக்கு நடந்திருந்தால் நீங்களும் ஊரில் இருக்கிற நல்ல வீட்டை எல்லாம் விட்டுவிட்டு அந்த வீட்டைத்தான் வாங்கியிருப்பீர்கள்.

வீடு ராமதாஸ் என்பவருடையது. கீழே அவர் குடித்தனம், பின்கட்டிலும் மாடியிலுமாக எட்டு அறைகள். அறைகளில் வெள்ளைக்காரர்கள் தங்குவார்கள். கார்த்திகை மாதம் வந்தால் மாசி, பங்குனி வரை இருப்பார்கள். வெயில் ஏறினால் கிளம்பிவிடுவார்கள். போகும்போது பாய், கொசுவலை, ஸ்டவ், புத்தகம் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, அடுத்த சீசனுக்கு வருகிறேன் என்று வீட்டுக்காரரிடமே விட்டுப் போவார்கள். அந்தப் பக்கத்தில் எல்லா வீடுகளிலும் இதுதான் வழக்கம். பெட்டிகளை வைக்க ராமதாஸ் மாடியில் ஒரு அறையை ஒதுக்கியிருந்தார். நெற்றி நிறைய விபூதி, மெதுவான பேச்சு, யாரைக் கண்டாலும் கையெடுத்துக் கும்பிடுவது. அவரிடம் பெட்டியை விட்டுப் போக யாருக்கும் யோசனை வராது.

1989இல் அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். அறைகளைப் பெருக்கித் துடைப்பது, துணி துவைப்பது, தண்ணீர் இறைத்து வைப்பது. அவள் புருஷன் இருசப்பன் நெல் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் கூலியில் வாடகைக்கு ஒரு அறை எடுத்து டவுனிலேயே இருந்தார்கள்.

1991, தீபத்துக்கு ஒரு வாரம் முன்னால், ஹெல்கா என்ற ஜெர்மன்கார அம்மா ஊரிலிருந்து வந்து தன் பெட்டியைத் திறந்தார். பூட்டு பூட்டினபடியே இருந்தது. சாவி அவர் கழுத்துக் கயிற்றில் இருந்தது. ஆனால் உள்ளே வைத்துவிட்டுப் போன கேமராவும் தங்கச் செயினும் இல்லை. அந்த அம்மா, "பரவால்ல, பரவால்ல" என்று தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். ராமதாஸால் சும்மா இருக்க முடியவில்லை. சேதி மற்ற அறைகளுக்குப் போனால் எட்டு அறையும் காலியாகும். சாயங்காலத்துக்குள் அவருக்கு ஒரு திருடன் வேண்டும். பெட்டி அறையைப் பெருக்குகிறவள் என் அக்கா. அறைச் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

ஆள் அனுப்பியதில் நானும் மாமா இருசப்பனும் ஓடினோம். கேட்டுக்கு வெளியே, மலையைப் பார்த்தபடி, தெருவே கூடியிருந்தது. ராமதாஸ் ஒரு தட்டில் பாக்கெட் சூடம் முழுவதையும் கொட்டிக் கொளுத்தினார். "எடுக்கலன்னா அணைச்சு சத்தியம் பண்ணு" என்றார். அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தாள்.

எங்கள் பக்கத்தில் சூடம் அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பரம எதிரியாக இருந்தாலும் அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டான், மீதியைச் சாமி பார்த்துக்கொள்ளும். ராமதாஸ் அவள் கையைப் பிடித்து எல்லோருக்கும் விரித்துக் காட்டினார். "பாத்தீங்களா, ஒரு கொப்புளம் கூட இல்ல. திருட்டுக் கைய நெருப்பு ஒண்ணும் பண்ணாது" என்றார். எதிர்ப்புறம் மளிகைக் கடை வைத்திருந்த சக்கரபாணி, "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒத்து ஊதினார். மறுநாள் காலை அவள் உள்ளங்கை முழுவதும் கொப்பளித்திருந்தது. அதைப் பார்க்கத் தெருவில் யாரும் இல்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாமல் நின்றுவிட்டு வந்தேன். அந்த வெட்கமும் இந்தக் கதையில் சேர்த்தி.

மாமா கையில் நெய் தடவிவிட்டார். எட்டு நாள் அவரே சோறாக்கினார். "போனது போவுது. இத்தப் பத்தி இனிமே நம்ம வூட்ல பேச்சே வேணாம்" என்று சொன்னார், சொன்னபடியே அதற்குப் பிறகு ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று எங்கள் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

திருடி என்று பெயர் வந்த பிறகு ஆசிரமப் பக்கத்தில் எந்த வீட்டிலும் அவளை வேலைக்கு வைக்கவில்லை. அப்போதுதான் திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசும் மற்ற ஆபீசுகளும் வந்துகொண்டிருந்தன. வெளியூர் குமாஸ்தாக்கள் காலைச் சாப்பாட்டுக்கு அலைந்தார்கள். அவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது. ரோட்டோரம் இட்லிப் பானை வைத்தாள். அடுத்த வருஷம் கீற்றுக் கொட்டகை, அதற்கப்புறம் ஓடு போட்ட மெஸ். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடச் செங்கம் ரோட்டில் கால் வைக்கவில்லை. அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் ஊரைச் சுற்றிக்கொண்டு போவாள். ஆனால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவளுக்கு எப்போதும் தெரிந்திருந்தது. ராமதாஸின் மனைவி ராஜம்மாள் செத்தது, அட்டாச்டு பாத்ரூம் வைத்த புது லாட்ஜுகளுக்கு வெள்ளைக்காரர்கள் மாறிப் போனது, கிழவர் ஒரு பழைய பேப்பரைக்கூட வெளியே போடாமல் அறை அறையாகச் சாமான் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் மெஸ்ஸுக்கு வருகிறவர்கள் வழியாக அவள் காதுக்கு வந்துவிடும்.

2003இல் ராமதாஸின் மகன் சென்னையிலிருந்து வந்து வீட்டை விற்கப்போவதாகச் சொன்னான். அக்கா அன்றைக்கே என்னை அனுப்பி மகன் கையில் முன்பணம் கொடுக்கவைத்தாள். மெஸ்ஸை அங்கே மாற்றி, மாடியில் அறை வாடகைக்கு விடுவதாகச் சொல்லி பேங்க் லோனும் வாங்கிவிட்டாள். கிழவர் மட்டும், "மாடி ரூமை நான் ஒரு மாசத்துல ஒழிச்சுத் தரேன்" என்று இழுத்தார். மகன், "அந்தக் குப்பையை எவன் சுமக்கிறது? உள்ள கெடக்கிறத அவங்களே எடுத்துப்பாங்கப்பா" என்று வாயை அடைத்துவிட்டான்.

பத்திரம் பதிந்த அன்று ராமதாஸ் என் அக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நம்ம கன்னியம்மாவா! நம்ம வீட்ல வேல செஞ்ச பொண்ணு நல்லா வந்துட்டியே. எல்லாம் அண்ணாமலையான் செயல்" என்றார். முகத்தில் ஒரு சின்னச் சங்கடம்கூட இல்லை.

திரும்பி வரும்போது அக்கா என் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில், "அவனுக்கு ஞாபகமே இல்லடா" என்றாள். பன்னிரண்டு வருஷமாக அவள் தினம் நினைத்ததை அந்த ஆள் ஒரு நாளும் நினைக்கவில்லை. சூடம் அணைக்கவைத்தது ஒரு பங்கு கோபம் என்றால் மறந்துபோனது பத்துப் பங்கு.

புது வீட்டில் பால் காய்ச்ச எல்லோரும் நாள் பார்த்தார்கள். அக்கா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். "அந்தாளு சாமான்ல ஒரு ஆணி உள்ள இருக்கிற வரைக்கும் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்."

பட்டறையைப் பத்து நாள் மூடிவிட்டு நானும் போனேன். உள்ளே நடக்க வழியில்லை. 1974இலிருந்து கட்டுக் கட்டாகப் பேப்பர். எலி தின்ற மெத்தைகள், ஹார்லிக்ஸ் பாட்டில்கள், கைப்பிடி இல்லாத குடைகள், இறுகிக் கல்லான சிமெண்ட் மூட்டை பதினொன்று, வெள்ளைக்காரர்களின் ஒற்றைச் செருப்புகள். அந்தக் காலத்தில் அவர் வாடகைக்கு விட்ட சைக்கிள்களின் ரிம்மும் ஸ்போக்ஸ் கம்பியும் ஒரு அறை நிறைய. கழிப்பறைக்குள்கூட பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார். அப்படியென்றால் மனிதர் எங்கே போனார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பழைய இரும்புக்காரன் பின்சந்தில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அக்கா அவனைத் திருப்பி அனுப்பினாள். எல்லாவற்றையும் முன்வாசல் வழியாகத்தான் எடுக்கவேண்டும், தெருவில் குவிக்கவேண்டும், மூன்று நாள் கிடக்கவேண்டும், அதற்குப் பிறகு எடுத்துப் போகலாம் என்றாள். ராமதாஸ் அடுத்த தெருவில் ஒரு போர்ஷனுக்குக் குடிபோயிருந்தார். காலையும் மாலையும் அந்த வழியாகத்தான் நடந்து போவார். அவர் வரும் நேரம் பார்த்து அக்கா மாடியிலிருந்து மெத்தையைத் தூக்கிப் போடுவாள். தூசி அவர் சட்டையில் படியும். அவர் துடைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போவார். அந்தக் கும்பிடு அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எதனா சண்டைக்கு வர்றானா பாரு" என்பாள். அவர் வரவே இல்லை.

ஆறாம் நாள் மாடியில் பெட்டி அறையைத் திறந்தேன். பத்தொன்பது தகரப் பெட்டிகள். திரும்பி வராதவர்கள் விட்டுப் போனவை. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் பெயரும், விட்டுப் போன மாதமும் வருஷமும் எழுதியிருந்தது. முன்னால் பூட்டுகள் துருப்பிடித்துத் தொங்கின. ஒன்றும் உடைத்ததாக இல்லை. நான் ஒரு பெட்டியைத் தோளில் ஏற்றியபோது மூடி பின்பக்கமாகக் கழன்று வந்து என் காலில் விழுந்தது.

வலியில் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தேன். பெட்டி மூடியைப் பின்னால் பிடித்திருப்பது இரண்டு கீல். ஒவ்வொரு கீலுக்கும் நடுவில் ஒரு இரும்பு ஊசி இருக்கும். கம்பெனியில் அந்த ஊசியின் இரண்டு முனையையும் தட்டி அமுக்கியிருப்பார்கள், கையால் எடுக்க முடியாது. இந்தப் பெட்டியில் ஊசிக்குப் பதில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். மூடியைப் பின்னாலிருந்து தூக்கி வேண்டியதை எடுத்துக்கொண்டு, கம்பியைத் திரும்பச் செருகிவிட்டால் முன்பூட்டு பூட்டினபடியே இருக்கும். பத்து வருஷத்துக்கு மேல் இரும்போடு பிழைக்கிற எனக்கே அந்த வேலையைப் பார்த்து ஒரு நிமிஷம் வியப்பு வந்தது. மற்ற பெட்டிகளைத் திருப்பினேன். பதினேழில் ஸ்போக்ஸ் கம்பி.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கம்பியை அவளே உருவினாள், செருகினாள், மறுபடி உருவினாள். பிறகு அந்தத் தூசியிலேயே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

"போலீசுக்குப் போலாம்க்கா" என்றேன்.

"போலீசு என் பேரத் திருப்பித் தருமா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பௌர்ணமி என்னிக்கி?" என்று கேட்டாள்.

இன்னும் நான்கு நாள் இருந்தது. ராமதாஸ் அந்தத் தெருவின் பௌர்ணமி அன்னதானக் குழுவுக்குத் தலைவர். கிரிவலம் போகிறவர்களுக்கு மாதாமாதம் அந்த வீட்டு வாசலில்தான் பந்தல் போட்டு, மைக் கட்டி, சாம்பார் சாதம் கொடுப்பார்கள். வீடு கைமாறிவிட்டதால் இரண்டு நாள் முன்புதான் அக்காவிடம் வந்து, "எப்பவும்போல இங்கயே போட்டுக்கலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். அக்காவும் சரி என்று சொல்லியிருந்தாள்.

"மாமா கிட்டகூட சொல்லாதடா. அவருக்கு இந்தப் பேச்சே ஆவாது. வேணாம்னு தடுப்பாரு" என்றாள்.

பௌர்ணமியன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே ரோட்டில் கூட்டம் நகர முடியாமல் நகர்ந்தது. பந்தலில் குழுக்காரர்கள் பத்துப் பேர், நடுவில் கரண்டியோடு ராமதாஸ், மைக்கில் சக்கரபாணி. தொன்னையை நீட்டிக்கொண்டு வரிசை நின்றது. நானும் இரண்டு பட்டறை ஆட்களும் பதினேழு பெட்டிகளை மாடியிலிருந்து இறக்கி, காம்பவுண்டு சுவர் ஓரம், பின்பக்கம் ரோட்டைப் பார்க்க வரிசையாக வைத்தோம். ராமதாஸ் முதல் பெட்டியைப் பார்த்தார். கரண்டி நின்றுவிட்டது.

அக்கா பந்தலுக்குள் போனாள். "சக்கரபாணியண்ணே, ஒரு நிமிசம் எல்லாரும் இங்க வாங்க. ஐயா வூட்டு சாமான் கொஞ்சம் மீந்து போச்சு. யாருதுன்னு கேட்டுக் குடுத்துடலாம்" என்றாள். குழுக்காரர்கள் வந்தார்கள். நான் ஒவ்வொரு பெட்டியாக முன்பூட்டை ஆட்டிக் காட்டினேன், பிறகு பின்னால் கம்பியை உருவி மூடியைத் தூக்கினேன். மூன்றாவது பெட்டிக்கே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. நான்காவது பெட்டியின் கம்பியைச் சக்கரபாணி தானே உருவிப் பார்த்தார்.

ராமதாஸ் பழைய மெதுவான குரலில், "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. வேலக்காரங்க கைவரிசையா இருக்கும்" என்றார்.

இதற்காகத்தான் அக்கா காத்திருந்தாள். "வேலக்காரி நானு தொண்ணூத்தியொண்ணுல வெளிய போனேன். இந்தப் பொட்டி தொண்ணூத்திநாலு. இது தொண்ணூத்தியாறு. தோ, இது தொண்ணூத்தியெட்டு மார்ச். எனக்கப்பறம் நீங்க வேலைக்கே ஆள் வைக்கல, ராஜம்மாக்காதான் பெருக்கினாங்கன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். கம்பி உங்க சைக்கிள் கம்பி. சொல்லுங்க, யாரு கை?"

ராமதாஸ் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். விபூதி வியர்வையில் கரைந்து வழிந்தது. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. நன்றாக இருந்தது. சக்கரபாணி உடனே கட்சி மாறி, "சூடம் கொண்டாங்கப்பா, அணைக்கட்டும்" என்று கத்தினார்.

"அவரு கைய சுட்டுக்கிறதுல எனக்கு இன்னா ஆவப்போவுது? சும்மா இருங்கண்ணே" என்றாள் அக்கா. மைக்கை வாங்கி ராமதாஸின் வாயருகே பிடித்தாள். "அன்னிக்கி தெருவே கேக்கச் சொன்னீங்க இல்ல? இன்னிக்கி ரோடே கேக்கச் சொல்லுங்க. கன்னியம்மா திருடல. நான்தான் திருடினேன்."

அவர் முனகினார். "சத்தமா" என்றாள். இரண்டாம் முறை குரல் உடைந்தது. "இன்னும் சத்தமா." மூன்றாம் முறை மூன்று குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டது. ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஆயிரம் பேருக்குக் கன்னியம்மாள் யாரென்று தெரியாது. தொன்னையோடு நின்ற ஒரு பெரியவர், "சாம்பார் சாதம் தீந்துடுச்சா?" என்று கேட்டார். ஆனால் தெருக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்கா தலைநிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

அப்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மாமா ஓடி வந்தார். மாமா மாதம் தவறாமல் கிரிவலம் போகிறவர். அன்றைக்கும் மத்தியானமே கிளம்பி, மலையைச் சுற்றிக்கொண்டு வரும் வழியில் ஸ்பீக்கரில் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறார். வெறும் கால், இடுப்பில் துண்டு, கண்ணில் தண்ணீர் வழிகிறது. முகமெல்லாம் சந்தோஷம். வந்தவர் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எடுக்கலியா கன்னிம்மா? அப்ப நீ நெசமாவே எடுக்கலியா?"

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கும்தான்.

"ஐயோ, நான் வேற... நீ திடீர்னு இட்லிக் கடை வைக்கக் காசு கொண்டாந்தப்ப, அந்தச் செயினத்தான் வித்துட்டேன்னு நெனச்சிட்டேனே. கேட்டா நீ நொந்துப்பேன்னுதான் கேக்கல. உன் பாவம் கழியணும்னு பன்னண்டு வருசமா மாசா மாசம் சுத்திக்கினு கெடக்கிறேன். அண்ணாமலையானே, அத்தினியும் வீணா!" என்று சொல்லிச் சிரித்தார், அழுதார்.

அந்தக் காசு, பட்டறை வைக்கும் முன்னால் நான் ஊரில் போட்ட கடலையை விற்ற காசு. மச்சான் காசு என்றால் மாமா தொடமாட்டார் என்று நாங்கள்தான் மறைத்தோம். அதை அப்போதே சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். மாமாவின் பிடியிலிருந்து தன் கைகளை உருவிக்கொண்டாள். ராமதாஸைப் பார்த்தபோதெல்லாம் அவள் முகத்தில் இருந்தது கோபம். இப்போது இருந்தது அது இல்லை. அவளுக்குத் தாங்கவில்லை. அவள் கையில் நெய் தடவிய மனுஷன், ஒரே பாயில் படுத்து எழுந்த மனுஷன், அத்தனை வருஷமும் பக்கத்தில் ஒரு திருடி படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு அவளிடம் அன்பாக இருந்திருக்கிறார். ராமதாஸாவது மறந்து தொலைத்தார்.

அவள் மைக்கை எடுத்து மாமாவிடம் நீட்டினாள்.

"சொல்லுய்யா."

"இன்னா சொல்லணும்?"

"அவரு சொன்னத. கன்னியம்மா திருடலன்னு நீயும் சொல்லு."

மாமா சிரிப்பதை நிறுத்தினார். பந்தலைப் பார்த்தார், நாற்காலியில் சரிந்து கிடந்த ராமதாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் மைக்கை வாங்கி, "கன்னியம்மா திருடல" என்றார். சத்தமாகச் சொல்லச் சொல்லி அவரை அவள் கேட்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அவர் கையிலிருந்து மைக்கை வாங்கிச் சக்கரபாணியிடம் கொடுத்தாள்.

"அடுத்த மாசத்துலேருந்து உன் பாவத்துக்கு சுத்து" என்றாள். பிறகு ராமதாஸ் கீழே போட்ட கரண்டியை எடுத்துக் கழுவிக்கொண்டு, வரிசையில் முன்னால் நின்ற பெரியவரின் தொன்னையில் சோறு போட்டாள்.